காலடியில் கிடக்கும் அதிசயங்கள்... தெரியுமா?

மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடம் இடிகிறது. செம்பூரில் ஒரு புதிய மாடி எழுகிறது. தாராவிச் சந்தில் ஒரு வீட்டுக்குப் புதுத் தரை போடுகிறார்கள். மும்பையில் டைல்ஸ் வெட்டும் கட்டர் சத்தம் கேட்காத தெரு உண்டா? கடைக்குப் போகிறோம், நிறம் பார்க்கிறோம், பளபளப்பைத் தடவிப் பார்க்கிறோம், விலை பேசுகிறோம். அத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். இல்லவே இல்லை! டைலின் பெருமை அதன் முகத்தில் பாதிதான். மீதிப் பாதி அதன் முதுகுப்பக்கம், டைல் பதிக்கும் மிஸ்திரியின் கைவேலையில் ஒளிந்திருக்கிறது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் பார்ப்போம்!

டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது, தெரியுமா?

ஆமாம், தடுக்காது! டைல்களுக்கு நடுவில் நிரப்பும் சிமென்ட் கிரவுட் முழுக்க நுண்துளைகள். நாம் குளிக்கக் குளிக்கத் தண்ணீரில் ஒரு பங்கு அந்த வழியாக உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். வீட்டைக் காப்பாற்றுவது டைலுக்கு அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங்தான்.

மும்பை அடுக்குமாடிகளில் குளியலறை ஸ்லாபை மற்ற அறைகளைவிடத் தாழ்வாக வார்ப்பது வழக்கம். அந்தப் பள்ளத்தில் குழாய்கள் ஓடும். அதன்மேல் உடைசெங்கல்லும் சிமென்ட் சாந்தும் சேர்ந்த ‘கோபா’ நிரம்பும். அதற்கும் மேலேதான் டைல்ஸ் வரும். மொட்டைமாடிகளிலும் இதே கோபாதான் பல காலமாக மழையைத் தாங்குகிறது. எப்பேர்ப்பட்ட மழை! 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்ததே, அந்த ஊர் மழை!

டைல்ஸ் ஒட்டும் முன் குளியலறையையே குளமாக்குவார்கள், தெரியுமா?

நல்ல மிஸ்திரி வாட்டர்ப்ரூஃபிங் முடிந்த கையோடு டைலை எடுக்கவே மாட்டார். தண்ணீர் வடியும் நஹானி ட்ராப்பின் வாயை அடைத்து, தரை முழுக்கத் தண்ணீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரம் அப்படியே விடுவார். சில இடங்களில் 72 மணி நேரம்கூட! தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவைப்பார். மறுநாள் கோடு அப்படியே இருக்கிறதா, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தட்டியதா என்று இரண்டையும் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. இந்தச் சோதனைக்குச் செலவு சில வாளித் தண்ணீரும் ஒரு நாள் பொறுமையும். இதைத் தாண்டிக் குதித்தால், பிறகு டைல்ஸையும் கோபாவையும் சேர்த்தே உடைக்க வேண்டியிருக்கும்!

உங்கள் தரை இன்னொருவரின் கூரை. அதற்குச் சட்டமே இருக்கிறது, தெரியுமா?

மகாராஷ்டிரத்தில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கென்று மாதிரி துணைவிதிகள் உண்டு. மொட்டைமாடி வழியாக மழை கசிந்தாலோ வெளிப்புறப் பொதுக்குழாய் ஒழுகினாலோ செலவு சங்கத்துடையது. வீட்டுக்குள்ளே குளியலறையிலிருந்து கசிந்தால் செலவு வீட்டுக்காரருடையது! சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் வேறு முறை. குளியலறைக் கூரை ஒழுகினால் மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்தே பொறுப்பு. இரண்டு ஊர், இரண்டு விதி. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அடுக்குமாடியில் குளியலறை என்பது ஒரு குடும்பத்தின் தனிச்சொத்து மட்டும் அல்ல!

டைல்ஸுக்கு வழிகாட்டியது சட்டைப் பொத்தான், தெரியுமா?

நம்புங்கள்! 1840-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் புரோசர் என்பவர் ஒரு காப்புரிமை பெற்றார். களிமண்ணைக் குழைக்காமல், உலர்ந்த பொடியாகவே அச்சில் போட்டு அழுத்திப் பொத்தான் செய்யும் முறை அது. பீங்கான் தொழிலதிபர் ஹெர்பர்ட் மின்டன் அதில் டைல்ஸின் எதிர்காலத்தைக் கண்டார்! பொடியை அழுத்தினால் டைல் சட்டென்று காயும், கோணாது, ஒரே அளவில் வரும். இன்றைய ராட்சத ஆலைகள் வரை அடிப்படை அதுதான்.

அந்த மின்டன் டைல்ஸ் கப்பலேறி மும்பைக்கும் வந்தன. பைக்குலாவில் 1872-ல் திறந்த அருங்காட்சியகம், இன்றைய டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகம், அதன் தரையைப் பாருங்கள். மேற்பூச்சு ஓவியம் தேய்ந்தால் போய்விடும். ஆனால் மின்டன் பெயர்பெற்ற ஒரு வகை டைல்ஸில், வண்ணக் களிமண்ணையே உள்ளே பதித்துச் சுட்டிருப்பார்கள். மிதிக்க மிதிக்கக் கோலம் அழியாது!

தரைக்கும் ஒரு சுதேசி இயக்கம் நடந்தது, தெரியுமா?

வெளிநாட்டு டைல்ஸ் கோலோச்சிய காலத்தில், 1922-ல், பெரோஷா சித்வா, ருஸ்தம் சித்வா என்ற இரு பார்சிகள் துணிந்து இறங்கினார்கள். மும்பைக்கு எதிர்க்கரையில் இருக்கும் உரணில் ‘பாரத் ஃப்ளோரிங் டைல்ஸ்’ பிறந்தது. துணிக்கு மட்டுமா சுதேசி, தரைக்கும் சுதேசிதான்! சூளை கிடையாது. வண்ணச் சிமென்ட்டை அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து இறுகச் செய்த டைல்ஸ் அவை. நூறாண்டு தாண்டியும் அந்த நிறுவனம் நிற்கிறது.

அதே காலம் மாட்டுங்காவும் வளர்ந்த காலம். 1896-ல் பிளேக் நோய் நகரத்தை உலுக்க, 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் உருவானது. காற்றும் வெளிச்சமும் புகும்படி அது திட்டமிட்ட பகுதிதான் தாதர், மாட்டுங்கா. தென்னிந்தியக் குடும்பங்கள் குடியேறிய அந்த ஆர்ட் டெகோ வீடுகளின் மொசைக் தரைகள் இன்றும் வெறுங்காலுக்குக் குளிர்ச்சி தருகின்றன!

மும்பையில் அச்சான சாமி படம் ஜப்பான் டைலில் ஏறியது, தெரியுமா?

ஓவியர் ரவி வர்மாவின் அச்சகம் 1894-ல் தொடங்கியது மும்பையில்தான். அங்கே அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இந்தியச் சந்தைக்காக ஜப்பானியர்கள் பளபளக்கும் மஜோலிகா டைல்ஸ் செய்தபோது, இப்படிப்பட்ட படங்களைப் பார்த்தே தெய்வ உருவங்களை டைலில் வார்த்தார்கள்! ஜப்பானிய மஜோலிகா டைல்ஸை இன்றும் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் காணலாம்.

அதே செட்டிநாட்டில் ஆத்தங்குடி டைல்ஸின் ரகசியம் என்ன தெரியுமா? கண்ணாடி! கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம் வைத்து, வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்கிக் கையாலேயே செய்கிறார்கள். காய்ந்த பிறகு கண்ணாடியைப் பிரித்தால், அதன் வழவழப்பு முழுக்க டைலின் முகத்தில் இறங்கியிருக்கும். நெருப்பே இல்லாமல் அந்த மினுமினுப்பு!

தண்ணீரே குடிக்காத டைல் உண்டு, அதனால்தான் அது கழன்று விழுகிறது, தெரியுமா?

இன்று நம் ஊர்களுக்கு வரும் டைல்ஸில் பெரும்பங்கு குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. அங்கே சுமார் 1200 டிகிரி செல்சியஸில் சுட்டெடுக்கும் விட்ரிஃபைடு டைல் கிட்டத்தட்ட கண்ணாடித்தன்மை அடைந்துவிடுகிறது. சர்வதேசத் தரப்படி அது தன் எடையில் 0.5 சதவீதத்துக்குமேல் தண்ணீர் உறிஞ்சக் கூடாது. சாதாரணச் சுவர் டைலோ 10 சதவீதத்துக்குமேல் குடிக்கும்!

பழைய மிஸ்திரிகள் டைல்ஸைத் தொட்டியில் ஊறப்போட்டது ஏன் என்று இப்போது புரிகிறதா? உலர்ந்த டைல் சாந்திலுள்ள ஈரத்தை இழுத்துவிடும், சாந்து இறுகாமல் பொடிந்துபோகும். விட்ரிஃபைடு டைலில் கதை தலைகீழ். சிமென்ட் பால் உள்ளே புகுந்து பிடிக்கத் துளையே இல்லை! அதனால் பாலிமர் கலந்த பசை வேண்டும். 1956-ல் அமெரிக்க வேதிப்பொறியாளர் ஹென்றி ராத்பர்க், சிமென்ட்டோடு லேடெக்ஸ் கலந்து, மெல்லிய படலமாகப் பூசியே டைலைப் பிடிக்கவைக்கும் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று நம் நாட்டிலும் டைல் பசைக்கென்றே ஐ.எஸ். 15477 என்ற தரக்குறியீடு இருக்கிறது. மூட்டையில் அந்த எண்ணைத் தேடுங்கள்!

ஒரு நாணயம் போதும், உள்ளே நடந்ததைச் சொல்லிவிடும், தெரியுமா?

இரண்டடிக்கு இரண்டடி டைல் ஒன்று ஏறக்குறைய 8 கிலோ இருக்கும். அதன் நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் சாந்து உருண்டை வைத்து அமுக்கிவிட்டால், பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். அடியில் வெற்றிடம்! நாணயத்தால் தட்டினால் ‘டொக்’ என்று பொள்ளல் ஓசை வரும். ஒருநாள் கனமான பாத்திரம் விழுந்தால் அங்கேதான் விரியும். ஈரமான இடங்களில் டைலின் முதுகில் 95 சதவீதம் பசை படிந்திருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தரவிதி. பற்கள் கொண்ட கரண்டியால் பசையை ஒரே திசையில் கோடு கோடாக இழுப்பது அதற்குத்தான். டைலை அழுத்தும்போது கோடுகளுக்கு நடுவிலுள்ள காற்று வெளியேற வழி கிடைக்கிறது!

விண்வெளி ஓடத்துக்கும் நம் வீட்டுத் தரைக்கும் ஒரே விதி, தெரியுமா?

1981-ல் முதன்முதலாகப் பறந்த கொலம்பியா விண்வெளி ஓடத்தின் உடலில் 30,000-க்கும் மேற்பட்ட சிலிக்கா டைல்ஸ்! சிலிகோன் பசை தடவி மனிதக் கைகளால் ஒட்டியவை. ஒன்றோடொன்று முட்டாதபடி அவற்றுக்கு நடுவில் இடைவெளி விட்டார்கள். ஏன்? அடியிலுள்ள அலுமினிய உடல் வெப்பத்தில் விரியும், குளிரில் சுருங்கும். இடைவெளி இல்லையென்றால் டைல்ஸ் நெருக்குண்டு உடையும்.

மிஸ்திரி டைல்களுக்கு நடுவில் செருகும் பிளாஸ்டிக் ஸ்பேசர் செய்வதும் அந்த வேலையில் ஒரு பங்குதான்! “இடைவெளியே தெரியக் கூடாது, ஒட்டிப் போடுங்க” என்று தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். 2018 ஜனவரியில் சிங்கப்பூரில் வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்தபோது, வீடுகளில் டைல்ஸ் தாமாகவே கிளம்பிக் கூடாரம்போல் நின்றனவே, பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள்!

வழுக்குமா என்று பார்க்க மனிதனையே நடக்கவிடுவார்கள், தெரியுமா?

ஜெர்மானியத் தரச்சோதனை இது. சாய்வுமேடையில் டைல்ஸைப் பதித்து எண்ணெய் ஊற்றுவார்கள். பாதுகாப்புக் கயிறு கட்டிய ஒருவர் அதன்மேல் நடப்பார். மேடையின் சாய்வைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எந்தக் கோணத்தில் கால் தடுமாறுகிறதோ அதை வைத்து ஆர்-9 முதல் ஆர்-13 வரை மதிப்பெண்! குளியலறை போன்ற இடங்களுக்கு வெறுங்காலோடு, சோப்புத் தண்ணீரில் தனிச் சோதனை. அதில் ஏ, பி, சி என்று மூன்று தரம். வயதான பெற்றோர் இருக்கும் வீட்டில் நிறத்தைவிட முதலில் கேட்க வேண்டியது இந்தத் தரத்தைத்தான்.

ஷவர் தரைக்குச் சின்னச் சின்ன டைல்ஸ் போடுவதிலும் அறிவு இருக்கிறது. இணைப்பு அதிகம், கால் பிடிப்பு அதிகம். அடிக்குக் கால் அங்குலம், அதாவது நாலடிக்கு ஓர் அங்குலம் என்று நஹானி ட்ராப்பை நோக்கி நாலாபக்கமும் சரியும் வாட்டத்துக்குப் பெரிய டைல் வளைந்து கொடுக்காது. சின்ன டைல் சுலபமாக இணங்கும்!

நம் முன்னோர் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே தண்ணீருக்குக் காப்பு போட்டுவிட்டார்கள், தெரியுமா?

மொகஞ்சதாரோவின் பெருங்குளம்! சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். செங்கற்களை நெருக்கி அடுக்கி, ஜிப்சம் சாந்தில் பதித்து, பின்னால் தார்ப்படலம் பூசினார்கள். முகத்துக்குச் செங்கல், முதுகுக்குக் காப்பு! இன்றைய குளியலறையின் தத்துவம் அப்படியே அங்கே இருக்கிறது. ராஜஸ்தானின் காளிபங்கனில், ஒன்றையொன்று வெட்டும் வட்டங்கள் பதித்த டைல் தரையும் கிடைத்திருக்கிறது.

உடைந்த டைலுக்கும் வாழ்வு உண்டு, தெரியுமா?

வெட்டி மிஞ்சிய வெள்ளைத் துண்டுகளை மொட்டைமாடியில் பதித்தால் அது ‘சைனா மொசைக்’. வெயிலைத் திருப்பியடித்து வீட்டைக் குளிர்விக்கும்! 2018-ல் பிரிட்ஸ்கர் விருது பெற்ற கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி, அகமதாபாத்தில் தம் அலுவலகமான ‘சங்காத்’தின் வளைகூரைகளை இப்படித்தான் மூடினார்.

டைலின் அருமை தெரிய வேண்டுமா? தாராவிக்கு வாருங்கள். தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்களின் சந்துகளில், வாசற்படியிலும் வெளிச்சுவரிலும்கூட டைல்ஸ் பளபளக்கும். ஒற்றை அறையின் மூலையில், குளிக்கவும் துவைக்கவும் பாத்திரம் கழுவவும் ஒரே ‘மோரி’. அந்தச் சின்ன இடத்தை டைல்ஸ் பதித்துச் சுத்தமாக வைத்திருக்கும் அக்கறைக்கு முன்னால் எந்த மாளிகைக் குளியலறையும் நிற்காது!

டைல்ஸ் ஒட்டுவதில் உலகப் போட்டியே நடக்கிறது, தெரியுமா?

‘வேர்ல்டுஸ்கில்ஸ்’ என்ற சர்வதேசத் திறன் போட்டியில் சுவர், தரை டைல்ஸ் பதிப்பது தனிப் பிரிவு! 2024-ல் பிரான்சின் லியோன் நகரில் நடந்தது. இளைஞர்கள் வரைபடத்தைப் பார்த்து வெட்டி ஒட்டுவார்கள். நடுவர்கள் மில்லிமீட்டர் கணக்கில் அளப்பார்கள்.

அதே மில்லிமீட்டரை நம் மிஸ்திரி ரசமட்டத்தாலும் நூலாலும் தினமும் பிடிக்கிறார். மூன்று, நான்கு, ஐந்து என்று அளந்தே மூலையைச் செங்கோணமாக்குகிறார். முழங்காலில் நின்று பொழுதெல்லாம் உழைக்கிறார். உலர வெட்டும்போது பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். அந்த நோய்க்குக் குணமே கிடையாது. தண்ணீர் ஊற்றி வெட்டினால் தூசு பெருமளவு அடங்கும்!

ஆகவே அடுத்த முறை உங்கள் வீட்டில் வேலை நடந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். வெட்டும் இடத்தில் தண்ணீர் வசதி, முகத்துக்கு நல்ல மாஸ்க், முழங்காலுக்குப் பட்டை கொடுங்கள். தண்ணீர் கட்டிச் சோதிக்க ஒரு நாள் கேட்டால், அந்த நாளுக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். டைலுக்குக் கொட்டும் பணத்தில் பேரம் பேசுங்கள், ஒட்டும் கையின் கூலியில் வேண்டாம். தரை எத்தனை வருஷம் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கைதான்!