குடியானவர்களின் ஆகாரத்தில் செய்யத்தக்க மாறுதல்கள்

பயிருக்கு எவ்வளவு எரு தேவை என்று கணக்குப் பார்த்து இடுவது நல்ல குடியானவர்களின் வழக்கம். தழைச்சத்து அளவுக்கு மிஞ்சினால் நெற்பயிர் கொழுத்துச் சாய்ந்துவிடும் என்பதையும், பூச்சிகளுக்கும் நோய்களுக்கும் எளிதில் இரையாகும் என்பதையும் அவர்கள் அறிவர். இக்கணக்கு மனித தேகத்திற்கும் பொருந்துவதே. ஆயினும் தினந்தோறும் உண்ணும் ஆகாரத்தின் விஷயத்தில் இது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை.

உழைப்பும் ஆகாரமும்

ஏர் உழுதும், கவலை இறைத்தும், வரப்பு வெட்டியும் பாடுபட்ட காலத்தில், நிறைய உண்ட சோறும் கூழும் தேகத்தில் தங்காமல் உழைப்பிலேயே செலவாயின. இக்காலத்திலோ உழவை டிராக்டரும், இறைப்பை மின்சாரப் பம்பும், அறுவடையை இயந்திரமும் செய்கின்றன. வயலைப் பார்த்துவரப் பலர் வாகனத்திலேயே செல்லுகின்றனர். உழைப்பு குறைந்தும் சோற்றின் அளவு குறையாதவிடத்து, மிஞ்சிய மாவுச்சத்து கொழுப்பாக மாறி, முக்கியமாக வயிற்றில் சேருகிறது.

இது பட்டணவாசிகளுக்கு மட்டும் உரிய குறை அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ம் வருஷத்தில் வெளியான ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 11.4 பேருக்கு நீரிழிவு உண்டு; கிராமங்களில் மட்டும் எடுத்துக்கொண்டாலும் இத்தொகை 8.9 ஆகும். வயிற்றுப் பருமன் உடையோர் 100-க்கு 39.5 பேர். கடைசி விலாவெலும்பிற்கும் இடுப்பெலும்பிற்கும் நடுவே அளந்தால், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாகும். இவ்வெல்லையை மீறியவர்கள் ஆகாரத்தைத் திருத்திக்கொள்வது அவசியம்.

அரிசியும் தவிடும்

காலையில் இட்லி அல்லது தோசை, பகலில் சோறு, இரவில் மறுபடியும் சோறு என்று உண்போர் பெயரில் வேறுபட்ட பலகாரங்களை உண்டபோதிலும், பெரும்பாலும் உண்பது அரிசி ஒன்றையே. அதுவும் வெண்மைக்காக மிகத் தீட்டப்பட்டதாயின், தவிட்டோடு நார்ச்சத்தும் ஜீவசத்துகளும் நீங்கிவிடுகின்றன. தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் பெரிபெரி வியாதியை ஒத்த நோயால் கால் முடங்குவதையும், தீட்டாத அரிசி கொடுத்தபின் அவை குணமடைவதையும் ஜாவாத் தீவில் எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர் கண்டறிந்தார். இவ்வழியில் செய்த ஆராய்ச்சிக்காக 1929-ம் வருஷத்தில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

புழுங்க வைக்கும்போது ஜீவசத்தின் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்குவதால், பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி மேலானது. சொந்த நெல் உடையவர்கள் வீட்டுச் செலவுக்கு வேண்டியதைக் குறைவாகத் தீட்டித் தரும்படி ஆலையில் கேட்டு வாங்கலாம். இத்தகைய அரிசி நாட்பட்டால் தவிட்டிலுள்ள எண்ணெய் கெட்டுக் காறல் வாடை உண்டாகும். ஆகையால் இரண்டு மூன்று வாரங்களுக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது அரைத்துக்கொள்வது நலம்.

கேழ்வரகும் கம்பும்

தீட்டிய அரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகிலும் கம்பிலும் அது 11 கிராமுக்கு மேல். சுண்ணாம்புச் சத்து அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. கேழ்வரகிலோ சுமார் 360 மில்லிகிராம். கம்பில் இரும்புச் சத்து அரிசியைப்போல் பல மடங்கு உண்டு. ஆகையால் நாளொன்றில் ஒரு வேளையேனும் அரிசிக்குப் பதிலாக இவற்றைக் கொள்வது நன்மை தரும்.

எனினும், சிறுதானியம் எவ்வளவு உண்டாலும் தேகம் பருக்காது என்று எண்ணுவது தவறு. உஷ்ண அளவாகிய கலோரிக் கணக்கில் அவை அரிசிக்கு ஏறக்குறைய ஈடானவையே. அன்றியும், மாவை மிக நைய அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அது துரிதமாக ஜீரணமாகி இரத்தத்தில் சர்க்கரையை விரைவில் ஏற்றும். கம்பஞ்சோறும், கீரை கலந்த கேழ்வரகு அடையும் அதைவிட மேலானவை. சாமை, தினை, வரகு ஆகியவற்றையும் வெண்மையாகத் தீட்டினால் அரிசிக்கு நேர்ந்த நஷ்டமே அவற்றுக்கும் நேரும்.

நாள் ஒன்றுக்கு வேண்டிய அளவு

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ம் வருஷத்தில் வெளியிட்ட உணவு விதிகளின்படி, 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைய ஆகாரம் பின்வருமாறு அமையலாம்:

தானியம் 250 கிராம்
பருப்பு, பயறு வகை 85 கிராம்
காய்கறி, கீரை 400 கிராம்
பழம் 100 கிராம்
பால் அல்லது தயிர் 300 மில்லிலிட்டர்
வேர்க்கடலை முதலிய கொட்டை வகை 35 கிராம்
எண்ணெய், நெய் 27 கிராம்

கடின உழைப்பாளிகளுக்கு இதைவிட அதிகம் வேண்டும். மரவள்ளியும் உருளைக்கிழங்கும் மாவுப்பொருள்களாதலால் அவற்றைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கலாகாது. எண்ணெய் 27 கிராம் என்பது நால்வருள்ள குடும்பத்திற்கு மாதம் மூன்றேகால் கிலோ மட்டுமே. கிராமுக்குக் கிராம் பார்த்தால் மாவுச்சத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கலோரி தருவதாதலால், எண்ணெயை அளந்து ஊற்றுவது உத்தமம். உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ளதையும் சேர்த்து, நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படலாகாது. காப்பி, தேநீரில் சேர்க்கும் சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். வெல்லமும் கருப்பட்டியும் இவ்விஷயத்தில் சர்க்கரையைப் போன்றவையே.

தொடங்கும் முறை

பழக்கத்தை ஒரே நாளில் மாற்ற முயன்றால் அது நிலைக்காது. முதலாவதாக, இலையில் காய்கறியையும் பருப்பையும் முன்னதாகப் பரிமாறி, சோற்றைப் பின்னர் இடலாம். இரண்டாவது சோற்றில் பாதியைக் குறைத்து, அதற்கு ஈடாகக் கீரையோ சுண்டலோ மோரோ கொள்ளலாம். நாளொன்றுக்கு 50 கிராம் அரிசி குறைந்தால் மிச்சமாவது சுமார் 175 கலோரி. இரவு ஆகாரத்தை உறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக முடித்தலும், வயலுக்கு நடந்தே சென்று வருதலும் மிகுந்த பலன் தரும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் ஆகாரத்தைத் திடீரெனக் குறைத்தால் இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். அவர்கள் வைத்தியரைக் கலந்தே மாறுதல் செய்தல் வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், மெலிந்த தேகமுடையோர் ஆகியோருக்கு ஆகாரத்தைக் குறைக்கவே கூடாது.

இம்மாறுதலுக்கு வேண்டிய வஸ்துக்களில் பலவற்றைக் குடியானவர்கள் தங்கள் நிலத்திலேயே விளைவிக்க முடியும். வரப்பில் துவரையும், நெல் அறுத்த தரிசில் உளுந்தும் பாசிப்பயறும், கொல்லையில் முருங்கையும் அகத்தியும், வேலியில் அவரையும் பீர்க்கும் வளர்க்கச் செலவு சொற்பமே. கிராம அதிகாரிகள் இவற்றின் நல்ல விதை காலத்தில் கிடைக்க உதவுவதுடன், முப்பது வயதுக்கு மேற்பட்டோர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளும்படி தூண்டலாம். விற்பனைக்குரிய விளைச்சலுக்குக் காட்டும் கவனத்தில் ஒரு பங்கை வீட்டு ஆகாரத்திற்கும் காட்டினால், வைத்தியச் செலவு குறைவதோடு, நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் வலிமையும் முதுமைவரை குன்றாமல் இருக்கும்.