மனச்சிதைவுற்ற மகனும் குடும்பத்தின் பராமரிப்பும்

முன்னுரை

மனச்சிதைவு நோய் ஆண்களிடத்துப் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளின் முற்பகுதியிலோ வெளிப்படுகிறது. மகன் கல்வியை முடித்துக் குடும்பத்தைத் தாங்குவான் எனப் பெற்றோர் எதிர்நோக்கியிருக்கும் பருவம் அது. அந்நிலையில் அவன் அறைக்குள் ஒடுங்குவதும், பிறர் கேளாத குரல்களுக்கு விடை கூறுவதும், உணவில் நஞ்சு கலந்திருப்பதாகத் தாயையே ஐயுறுவதும் குடும்பத்தை நிலைகுலையச் செய்கின்றன. இந்தியாவில் இந்நோயாளருள் பெரும்பாலோர் குடும்பத்தினருடனேயே வாழ்கின்றனர். எனவே, நோயைக் குடும்பம் புரிந்துகொள்ளும் முறை பராமரிப்பை எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதையும், அக்குடும்பத்திற்கு வேண்டிய துணை யாது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நோய்க்கு இடும் பெயர்

தமிழ்க் குடும்பங்களில் இந்நிலை தொடக்கத்தில் நோயாகக் கருதப்படுவது அரிது. சோம்பல், பிடிவாதம், தீய நட்பு என்று முதலிலும், காற்றுக் கருப்பு, செய்வினை, கிரகக் கோளாறு என்று பின்னரும் பெயரிடப்படுகிறது. பெயருக்கேற்பவே வழியும் அமைகிறது. சோம்பல் எனின் கண்டிப்பு. செய்வினை எனின் மாந்திரீகம். ‘கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்’ என்னும் வழக்கு திருமணத்தையே மருந்தாக்குகிறது. அதனால் நோய் தணிவதில்லை. நோயை அறியாது மணந்துவந்த பெண்ணும் துயரில் பங்காளியாகிறாள்.

இவ்வழிகள் அன்பின்மையால் விளைவன அல்ல. ‘நம் பிள்ளைக்கு ஏன் இப்படி?’ என்னும் வினாவிற்குக் குடும்பம் தேடும் விடைகள் அவை. எனினும் காலத்தாழ்வின் விலை பெரிது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்ப இயலாது சிக்கினர். 28 பேர் உயிரிழந்தனர். குடும்பத்தின் இயலாமையும் மருத்துவ வசதியின் போதாமையும் சந்தித்த இடமாகவே அக்கொட்டகையைக் காணவேண்டும்.

இல்லச் சூழலும் நோய் மீளலும்

பிரவுன், பர்லி, விங் ஆகியோர் இலண்டனில் நிகழ்த்தி 1972இல் வெளியிட்ட ஆய்வு, கடுஞ்சொல், பகைமை, அளவிறந்த தலையீடு ஆகியவை மிகுந்த இல்லங்களுக்குத் திரும்பிய நோயாளரிடம் நோய் மீண்டும் தலையெடுப்பது கூடுதல் என்று காட்டியது. குடும்பமே நோயை உண்டாக்குகிறது என்பது இதன் பொருளன்று. நோய் தொடங்கியபின் அதன் போக்கை இல்லத்தின் பேச்சும் பாதிக்கிறது என்பதே பொருள்.

முன்னர்க் கூறிய பெயரிடல் இங்கு மீண்டும் முதன்மை பெறுகிறது. குளிக்காமலும் பேசாமலும் முடங்கிக் கிடப்பது நோயின் அறிகுறிகளுள் ஒன்று. அதனைச் சோம்பல் எனக் கொள்ளும் தந்தை சினக்கிறார். அறிகுறி என அறிந்தவர் சிறு பணி ஒன்றைத் தந்து காத்திருக்கிறார். ‘குரலும் இல்லை, ஒன்றும் இல்லை’ என்று வாதிடுவதைவிட, ‘எனக்குக் கேட்கவில்லை; நீ அஞ்சுவது எனக்குப் புரிகிறது’ என்பது மகனைத் தனிமையினின்று மீட்கிறது. மருந்தைத் தொடர்ந்து உட்கொள்ளவும் இத்தகைய நம்பிக்கை உதவுகிறது.

குடும்பத்திற்கு வேண்டிய துணை

1950களில் அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் வித்யாசாகர், நோயாளரின் உறவினரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்து பராமரிப்பைக் கற்பித்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் உறவினரை உடன் தங்கவைக்கும் முறையைக் கைக்கொண்டது. சாரதா மேனன் 1984இல் சென்னையில் தோற்றுவித்த மனச்சிதைவு ஆய்வு நிறுவனம் மறுவாழ்விற்கும் குடும்பக் கல்விக்கும் இடமளித்தது. குடும்பத்தை வெறும் சாட்சியாகக் கருதாமல் சிகிச்சையின் பங்காளியாகக் கொண்டதே இம்முயற்சிகளின் பொதுக்கூறாகும்.

ஆயினும் பராமரிப்போரும் களைப்புறுவர். தாயின் உறக்கமின்மை, தந்தையின் கடன், உடன்பிறந்தாளின் தள்ளிப்போகும் திருமணம் ஆகியன மருத்துவக் குறிப்பேட்டில் இடம்பெறுவது அரிது. அனைத்திற்கும் மேலாக, ‘எங்களுக்குப் பின் இவனுக்கு யார்?’ என்னும் வினா முதிய பெற்றோரை வாட்டுகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலைத் தடைசெய்கிறது. சமுதாயத்தில் வாழும் உரிமையை நோயாளர்க்கு அளித்து, குடும்பத்துடன் வாழ இயலாதோர்க்கு ஆதரவளிக்கும் கடமையை அரசின்மீது சுமத்துகிறது. அவ்வினாவிற்குச் சட்டம் தரும் விடை இதுவே. அது செயல்வடிவம் பெறும் அளவிற்கே பெற்றோரின் அச்சம் தணியும்.

முடிவுரை

மகனின் நோய்க்குக் குடும்பத்தைக் குற்றவாளியாக்குவதும், முழுப் பொறுப்பையும் அதன்மீதே ஏற்றிவிட்டு விலகுவதும் ஒருங்கே தவறானவை. நோய்க்கு உரிய பெயரைத் தொடக்கத்திலேயே அறிவித்தல், இல்லத்தின் பேச்சைப் பராமரிப்பின் பகுதியாகக் கற்பித்தல், பெற்றோருக்குப் பின்னும் தொடரும் ஏற்பாட்டைச் சமுதாயம் உருவாக்குதல் ஆகிய மூன்றும் இணையும்போதே அன்பு பராமரிப்பாக நிலைபெறும்.