விளையாட்டரங்குகளில் தடியடி: சட்டம் அனுமதிப்பது எவ்வளவு? தவறு தொடங்குவது எங்கே?

புது டெல்லி: பணம் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி விளையாட்டைக் காண வந்தவர்கள், காவல் துறையின் தடியடிக்கு அஞ்சி ஓடும் காட்சி இந்தியாவுக்குப் புதிதன்று. 2025 டிசம்பர் 13 அன்று கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் அது மீண்டும் அரங்கேறியது. அர்ஜென்டினா கால்பந்து வீரர் லயோனல் மெஸ்ஸியைக் காண ஆயிரக்கணக்கான ரசிகர்கள் திரண்டிருந்தனர். முக்கியப் பிரமுகர்களும் பாதுகாவலர்களும் அவரைச் சூழ்ந்து நின்றதால், இருக்கைகளில் இருந்த பலரால் அவரைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. சிறிது நேரத்திலேயே அவர் வெளியேறியதும் பாட்டில்கள் பறந்தன, இருக்கைகள் உடைக்கப்பட்டன, சிலர் தடுப்புகளைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கினர். காவலர்கள் தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தனர்.

அன்றைய தினமே மாநில முதலமைச்சர் மம்தா பானர்ஜி மன்னிப்புக் கோரினார். ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. நிகழ்ச்சியின் முதன்மை அமைப்பாளர் கைது செய்யப்பட்டார்.

பார்வையாளர்கள் மீது பலத்தைப் பயன்படுத்தக் காவல் துறைக்கு அதிகாரம் உண்டா, அதன் எல்லை எது, நான்கு பக்கமும் அடைபட்ட மைதானத்தில் அந்த அதிகாரம் ஏன் கூடுதல் ஆபத்தாகிறது என்பன போன்ற கேள்விகளை இத்தகைய நிகழ்வுகள் எழுப்புகின்றன.

சட்டம் சொல்வது என்ன?

குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148-ஆவது பிரிவு, கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரத்தை வரையறுக்கிறது. பழைய சட்டத்தில் இது 129-ஆவது பிரிவாக இருந்தது. சட்டவிரோதமாகக் கூடியவர்களை மட்டுமின்றி, பொது அமைதிக்குக் குந்தகம் விளைவிக்கக்கூடிய ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோரின் கூட்டத்தையும் கலைந்து செல்லுமாறு ஆணையிட இப்பிரிவு இடமளிக்கிறது. நிர்வாகத்துறை நடுவர், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி, அவர் இல்லாத நிலையில் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஆகியோர் இந்த ஆணையைப் பிறப்பிக்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் ஆணை பிறப்பிக்க வேண்டும். கூட்டம் அதற்குக் கீழ்ப்படியாவிட்டாலோ, கலையப் போவதில்லை என்ற உறுதியைத் தன் நடத்தையால் காட்டினாலோதான் பலத்தைப் பயன்படுத்த முடியும். கலைப்பதற்காகவே பலம்; தண்டிப்பதற்காக அன்று. நுழைவுச்சீட்டுடன் இருக்கையில் அமர்ந்திருப்பவர், பக்கத்துப் பகுதியில் யாரோ பாட்டில் வீசினார் என்பதற்காகச் சட்டவிரோதக் கூட்டத்தின் உறுப்பினராகிவிடுவதில்லை.

அதே வேளையில், காவலர்களுக்கும் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. 148-ஆவது பிரிவின்கீழ் நல்லெண்ணத்துடன் செய்த செயலைக் குற்றமாகக் கருத இயலாது என்றும், அதற்காக வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி தேவை என்றும் 151-ஆவது பிரிவு கூறுகிறது. விளையாட்டரங்கில் நடந்த தடியடிக்காகக் காவலர் ஒருவரை நீதிமன்றத்தில் நிறுத்துவது எளிதாக இல்லாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

உச்ச நீதிமன்றத்தின் அளவுகோல்

விளையாட்டுடன் தொடர்பில்லாத இரண்டு தீர்ப்புகள் இந்த விவகாரத்தில் வழிகாட்டுகின்றன. 2011 ஜூன் 4 நள்ளிரவில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காவல் துறை வெளியேற்றிய வழக்கில், 2012-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்நடவடிக்கையைத் தன்னிச்சையானது எனக் கண்டித்தது. அவசரம் ஏதுமின்றி, கலைந்து செல்லப் போதிய அவகாசம் தராமல் பலத்தைப் பயன்படுத்தியது தவறு என்றது. அதேநேரத்தில், கூட்டத்தை ஏற்பாடு செய்த அறக்கட்டளைக்கும் கவனக்குறைவில் பங்கு உண்டு எனக் கூறி, இழப்பீட்டில் 25 சதவீதத்தை அதன்மீது சுமத்தியது.

2016-இல் அனிதா தாக்கூர் வழக்கில் வந்த தீர்ப்பு இன்னும் நுட்பமானது. ஜம்மு காஷ்மீரில் பேரணி சென்றவர்கள் வன்முறையில் இறங்கியதால் காவல் துறை பலத்தைப் பயன்படுத்தத் தொடங்கியதில் தவறில்லை. ஆனால் நிலைமை கட்டுக்குள் வந்த பிறகும் அடித்தது வரம்பு மீறிய செயல் என்று கூறி உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. தொடக்கத்தில் நியாயமாக இருந்த தடியடி, ஒரு கட்டத்துக்குப் பின் நியாயமற்றதாகிவிடலாம் என்பதே இதன் பொருள்.

ஈடன் கார்டன்ஸ்: ஒரே மைதானம், மூன்று பாடங்கள்

கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் மைதானத்தின் வரலாற்றில் இந்தச் சிக்கலின் வெவ்வேறு முகங்களைக் காணலாம்.

1967 ஜனவரி 1. இந்தியா, மேற்கிந்தியத் தீவுகள் இடையிலான டெஸ்ட் போட்டியின் இரண்டாம் நாள். இருக்கைகளைவிட அதிகமாக நுழைவுச்சீட்டுகள் விற்கப்பட்டிருந்தன. இடம் கிடைக்காதவர்கள் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புல்தரையில் வந்து அமர்ந்தனர். அவர்களைப் பின்னுக்குத் தள்ளக் காவல் துறை தடியடி நடத்தியது. பார்வையாளர் ஒருவர் அடிபட்டதைக் கண்ட கூட்டம் கொந்தளித்தது. கண்ணீர்ப் புகைக்குண்டுகள் வீசப்பட்டன. பார்வையாளர் பகுதியின் பந்தல்கள் தீக்கிரையாயின. வீரர்கள் தப்பி ஓட நேர்ந்தது. அன்று ஒரு பந்துகூட வீசப்படவில்லை. நுழைவுச்சீட்டு விற்பனையில் தொடங்கிய தவறு, முதல் தடியடியால் கலவரமாக உருமாறியது.

1980 ஆகஸ்ட் 16 அன்று நடந்தது இதற்கு நேர்மாறானது. ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகளுக்கு இடையிலான கால்பந்து ஆட்டத்தில் இரு தரப்பு ரசிகர்களும் ஒரே பகுதியில் அருகருகே அமர்ந்திருந்தனர். களத்தில் ஏற்பட்ட மோதல் பார்வையாளர் பகுதிக்குப் பரவியது. அங்கு மூண்ட கைகலப்பிலும் நெரிசலிலும் 16 பேர் உயிரிழந்தனர். தலையிட வேண்டிய நேரத்தில் காவல் துறை போதிய அளவில் தலையிடவில்லை என்பதே அப்போது எழுந்த குற்றச்சாட்டு. காவலர்கள் பலத்தைப் பயன்படுத்தாமல் இருப்பது மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

1999 பிப்ரவரியில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஆட்டத்தின் நான்காம் நாள், சச்சின் டெண்டுல்கர் ரன் அவுட் ஆனதை ஏற்காத ரசிகர்கள் பொருள்களை வீசியதால் ஆட்டம் தடைபட்டது. அப்போது டெண்டுல்கரே மைதானத்தைச் சுற்றி வந்து கேட்டுக்கொண்டதால் அமைதி திரும்பியது. ஆனால், மறுநாள் இந்தியா தோல்வியின் விளிம்பில் நின்றபோது மீண்டும் பொருள்கள் வீசப்பட்டன, செய்தித்தாள்கள் கொளுத்தப்பட்டன. காவல் துறையினர் சுமார் 65,000 பேரை வெளியேற்றினர். மூன்று மணி நேரத்துக்கும் மேலான தடைக்குப் பின், ஏறக்குறைய ஆளில்லாத மைதானத்தில் பாகிஸ்தான் 46 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது. பாட்டில் எறிந்தவரும், எறியாதவரும், பிள்ளைகளுடன் வந்தவரும் ஒருசேர வெளியேற்றப்பட்டனர்.

மைதானம் தெருவைப் போன்றதன்று

தடியும் கண்ணீர்ப் புகையும் திறந்தவெளிக்காக உருவானவை. தெருவில் கூட்டத்தைத் துரத்தினால் அது பல திசைகளில் சிதறும். 'கலைந்து செல்லுங்கள்' என்ற சட்டத்தின் ஆணையே, செல்வதற்கு வழி இருக்கிறது என்ற அனுமானத்தின் மீது நிற்கிறது. மைதானத்தில் அந்த வழி குறுகிய படிக்கட்டாகவோ, ஒற்றைக் கதவாகவோ, சில நேரங்களில் பூட்டிய கதவாகவோ இருக்கிறது. பின்னால் இருப்பவர் அடிக்கு அஞ்சி முன்னே தள்ளுவார். முன்னால் இருப்பவர் நகர முடியாமல் நசுங்குவார். நெரிசலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதைவிட, மார்பு அழுந்தி மூச்சுவிட முடியாமல் இறக்கின்றனர்.

2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மலாங் பகுதியில் உள்ள கஞ்சுருஹான் மைதானத்தில் நேர்ந்தது இதன் மிகக் கொடிய எடுத்துக்காட்டு. ஆட்டம் முடிந்ததும் சில ரசிகர்கள் களத்துக்குள் இறங்கினர். காவல் துறை வீசிய கண்ணீர்ப் புகைக்குண்டுகள் பார்வையாளர் பகுதிகளிலும் விழுந்தன. கண்ணைத் திறக்க முடியாமல், மூச்சுத் திணறிய மக்கள் வாயில்களை நோக்கி ஓடினர். அவற்றில் சில முழுமையாகத் திறக்கப்பட்டிருக்கவில்லை. 135 பேர் உயிரிழந்தனர். மைதானத்துக்குள் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் வாயுவைப் பயன்படுத்தக் கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதிகள் அதற்கு முன்பே கூறியிருந்தன.

1989-இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் 97 பேரின் உயிரைப் பறித்த நெரிசல் மற்றொரு பாடத்தைத் தருகிறது. கம்பி வேலிக்குள் நசுங்கிக்கொண்டிருந்தவர்கள் தப்பிக்க முயன்றபோது, அதைக் களத்துக்குள் நடக்கும் அத்துமீறலாகக் காவலர்கள் முதலில் கருதினர். உதவி தேவைப்படும் கூட்டத்தைக் கலகக் கூட்டமாகக் காணும் பார்வை, தடியைப் போலவே உயிரைப் பறிக்கக்கூடும்.

பெங்களூருவும் காவல் துறையின் தரப்பும்

ஆபத்து மைதானத்துக்குள் மட்டும் இல்லை. 2022 செப்டம்பரில் ஹைதராபாதில் நடைபெறவிருந்த இந்தியா, ஆஸ்திரேலியா டி20 ஆட்டத்துக்கான நுழைவுச்சீட்டு விற்பனை செகந்திராபாத் ஜிம்கானா மைதானத்தில் நடந்தபோது, நெரிசல் ஏற்பட்டுத் தடியடி நடத்தப்பட்டது, பலர் காயமடைந்தனர். 2025 ஜூன் 4 அன்று, ஐபிஎல் கோப்பையை முதன்முறையாக வென்ற ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு அணியை வரவேற்க லட்சக்கணக்கானோர் திரண்டனர். சின்னசாமி மைதானத்தில் சுமார் 35,000 பேருக்கே இடம் உண்டு. வாயில்களில் முண்டியடித்த கூட்டத்தைக் கலைக்கக் காவலர்கள் சில இடங்களில் தடியைப் பயன்படுத்தினர். நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர்.

மாநகரக் காவல் ஆணையர் உள்ளிட்ட அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அவர்களில் ஒருவர் தொடர்ந்த வழக்கை விசாரித்த மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், உரிய அனுமதியின்றித் திடீரென அறிவிப்பு வெளியிட்ட அணி நிர்வாகமே கூட்டம் சேர்ந்ததற்கு முதல்நோக்கில் பொறுப்பு என்றும், சில மணி நேரத்தில் எல்லா ஏற்பாடுகளையும் செய்து முடிக்கக் காவலர்களிடம் மந்திர சக்தி ஏதும் இல்லை என்றும் கருத்துத் தெரிவித்தது.

காவலர்களின் தரப்பில் உள்ள இந்த நியாயத்தைப் புறந்தள்ள முடியாது. எத்தனை சீட்டு விற்பது, எந்த வாயிலைத் திறப்பது, எப்போது அறிவிப்பது என்பவற்றைப் பெரும்பாலும் அமைப்பாளர்களே முடிவு செய்கின்றனர். அந்த முடிவுகள் பொய்த்த பிறகு, கூட்டத்தின் எதிரே நிற்பவர் தடி ஏந்திய காவலர். கல்லடியும் பாட்டில் அடியும் அவர்மீதும் விழுகின்றன. ஆனால், அமைப்பாளரின் தவறுக்கான விலையைச் சீட்டு வாங்கிய பார்வையாளர் முதுகில் வசூலிக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

தடிக்கு முன் செய்யக்கூடியவை

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-இல் வெளியிட்ட கூட்ட மேலாண்மை வழிகாட்டி, கூட்டத்தை அடக்குவதைவிட முன்கூட்டியே திட்டமிடுவதை வலியுறுத்துகிறது. மைதானத்தின் கொள்ளளவு, வரும் கூட்டத்தின் இயல்பு, நுழைவு, வெளியேறும் வழிகள், அறிவிப்பு வசதி ஆகியவற்றை நிகழ்ச்சிக்கு முன்பே கணக்கிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. பெங்களூரு உயிரிழப்புகளுக்குப் பின், நிகழ்ச்சி அமைப்பாளர்களைப் பொறுப்பாக்கும் நோக்கில் கர்நாடக அரசு தனி மசோதாவைச் சட்டப்பேரவையில் கொண்டுவந்தது.

நடைமுறையில் இவை எளிய செயல்கள். கொள்ளளவுக்கு மேல் ஒரு சீட்டும் விற்கக் கூடாது. ஆட்டம் நடக்கும் நேரம் முழுவதும் எல்லா வெளியேறும் கதவுகளிலும் திறப்பதற்கு ஆள் நிற்க வேண்டும். இருக்கைகளுக்கு இடையே பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் பணியாளர்களும் இருந்தால், பாட்டில் எறியும் ஒருவரை அடையாளம் கண்டு அவரை மட்டும் அப்புறப்படுத்த முடியும். ஆட்டம் தாமதமானாலோ, வீரர் வராவிட்டாலோ அதை ஒலிபெருக்கியில் உடனே சொல்ல வேண்டும். வெளியேற்றம் தவிர்க்க முடியாததானால், கதவுகள் திறந்துவிட்டன என்பதை உறுதி செய்த பிறகே ஆணை பிறப்பிக்க வேண்டும்.

ஆட்டத்தையே நிறுத்துவதும் ஒரு வழி. 1996 மார்ச் 13 அன்று இதே ஈடன் கார்டன்ஸில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில், ரசிகர்களின் வன்முறை ஓயாததால் ஆட்ட நடுவர் கிளைவ் லாயிட் போட்டியை நிறுத்தி இலங்கைக்கு வெற்றியை அளித்தார். ரசிகர்களுக்கு அது கசப்பான முடிவாக இருந்தது. ஆனால், ஒழுங்கை மீட்கத் தடியைத் தவிர வேறு கருவிகளும் உண்டு என்பதற்கு அது சான்று.

பாதிக்கப்பட்டவர் செய்ய வேண்டியது

தடியடியில் காயமடைந்தவர் முதலில் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, காயம் ஏற்பட்ட விதத்தைப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். நுழைவுச்சீட்டு, இருக்கை எண், கைப்பேசிக் காணொலி ஆகியவை அவர் அங்கு பார்வையாளராகவே இருந்தார் என்பதற்கான ஆதாரங்கள். காவல் நிலையத்தில் புகாரை ஏற்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் அனுப்பலாம். அதன்பின் நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம். தேசிய மனித உரிமை ஆணையத்திடமும் மாநில மனித உரிமை ஆணையத்திடமும், நிகழ்வு நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் முறையிடலாம். 2006-ஆம் ஆண்டு பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி அமைக்கப்பட்ட காவல் துறை புகார் ஆணையங்கள் உள்ள மாநிலங்களில் அங்கும் மனு அளிக்கலாம்.

இவை அனைத்தும் காயம்பட்ட பிறகான வழிகள். சால்ட் லேக் போன்ற நிகழ்வுகளுக்குப் பின் அமைக்கப்படும் விசாரணைகள், தடியை ஓங்கியவர் யார் என்பதுடன், எத்தனை சீட்டுகள் விற்கப்பட்டன, அந்நேரத்தில் எத்தனை கதவுகள் திறந்திருந்தன, கலைந்து செல்லும்படி அறிவிப்பு கேட்டதா என்ற மூன்று கேள்விகளுக்கும் எண்ணிக்கையோடும் நேரத்தோடும் விடை பதிவு செய்தால்தான், அடுத்த ஆட்டத்துக்கு வரும் பார்வையாளருக்கு அவற்றால் பயன் இருக்கும்.