பேசினால் டைப் ஆகும். கோர்ட் மனுவுக்கு அது போதுமா?

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. ஆனால் தமிழில் டைப் செய்யக் கை வரவில்லை. மைக்கில் பேசினாலே எழுத்தாகிவிடும் என்கிறார்களே, அதை வைத்து வக்கீல் நோட்டீசுக்குப் பதிலோ, கோர்ட் மனுவோ தயார் செய்யலாமா? மென்பொருள் துறையில் இருப்பதால், ஆலத்தியூருக்குப் போகும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது. செய்யலாம். ஆனால் எங்கே தவறும் என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

கோர்ட்டுகளே பயன்படுத்துகின்றன

2023 பிப்ரவரி 21 அன்று சுப்ரீம் கோர்ட், அரசியல் சாசன அமர்வின் வாதங்களை உடனுக்குடன் எழுத்தாக்கும் முறையைத் தொடங்கியது. கேரளத்தில் சாட்சிகளின் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய, 'அதாலத் ஏஐ' என்ற மென்பொருளை 2025 நவம்பர் 1 முதல் கீழ்க் கோர்ட்டுகள் பயன்படுத்த வேண்டும் என்று அம்மாநில ஹைகோர்ட் உத்தரவிட்டது.

எப்படி வேலை செய்கிறது?

நீங்கள் பேசும் ஒலியைக் கம்ப்யூட்டர் சிறு துண்டுகளாக்குகிறது. இந்த ஒலிக்கு எந்தச் சொல் பொருந்தும், முன்னால் வந்த சொல்லுக்குப் பின் எது வழக்கமாக வரும் என்று கணக்கிட்டு, வாய்ப்பு அதிகமுள்ள சொல்லைப் போடுகிறது. அதாவது, அது ஊகிக்கிறது. அதிகம் புழங்கும் சொல்லுக்கே முன்னுரிமை என்பதால், நம் 'ஆலத்தியூர்' சென்னையின் 'ஆலந்தூர்' ஆகிவிடக்கூடும்.

செய்து பார்ப்போமா?

1. இன்டர்நெட் இணைப்புடன் குரோம் பிரவுசரில் கூகுள் டாக்ஸ் திறந்து, புதிய டாகுமெண்ட் ஒன்றை உருவாக்கவும்.
2. டூல்ஸ் மெனுவில் 'வாய்ஸ் டைப்பிங்' என்பதைக் கிளிக் செய்திடவும்.
3. மைக் படத்தின் மேலே உள்ள மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுக்கவும்.
4. மைக் படத்தைக் கிளிக் செய்து, அனுமதி கேட்டால் கொடுத்துவிட்டு, நிதானமாகப் பேசவும். முடிந்ததும் மீண்டும் கிளிக் செய்தால் நின்றுவிடும்.

'கமா', 'முற்றுப்புள்ளி' என்று வாயால் சொல்லிக் குறிகள் போடும் வசதி தமிழுக்கு இல்லை. அவற்றைக் கீபோர்டில்தான் போட வேண்டும்.

எங்கே தவறும்?

கடிதத்தில் ஓர் எழுத்து மாறினால் படிப்பவர் புரிந்துகொள்வார். மனுவில் மாறினால் உரிமையே மாறும். பாதைத் தகராறில் 'வழி' என்று சொன்னது 'வலி' ஆகலாம். 'விளைநிலம்' என்பது 'விலை நிலம்' ஆகலாம். 'ஏரிக்கரை' கறையாகலாம். இவை எல்லாம் சரியான தமிழ்ச் சொற்கள் என்பதால், எழுத்துப் பிழை திருத்தும் மென்பொருளும் கண்டுகொள்ளாது.

பேச்சு வழக்கில் 'பணம் வாங்கலை' என்று வேகமாகச் சொன்னால், அது 'வாங்கலாம்' என்று பதிவாகக்கூடும். 'வாங்கவில்லை' என்று முழுதாகச் சொல்லுங்கள். சர்வே எண், நான்கு எல்லை, தேதி, தொகை, ஆட்களின் பெயர் ஆகியவற்றை வாயால் சொல்லவே வேண்டாம். அந்த இடங்களைக் காலியாக விட்டு, பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் டைப் செய்திடவும்.

பேச்சு எங்கே போகிறது?

கூகுள் டாக்ஸ் போன்ற இலவச வசதிகளில், நீங்கள் பேசுவதும் எழுதுவதும் இன்டர்நெட் வழியாக அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குச் செல்கின்றன. அனுமதிக்கப்பட்டவை தவிர, இத்தகைய இணையவழிச் சேவைகளைத் தவிர்க்க வேண்டும் என்று கேரள ஹைகோர்ட் 2025 ஜூலையில் தன் கீழ்க் கோர்ட்டுகளுக்குக் கூறியது. குடும்ப வழக்கு, குழந்தைகள் தொடர்பான வழக்கு, வக்கீலிடம் மட்டும் சொல்ல வேண்டிய செய்தி ஆகியவற்றை மைக்கில் பேசாமல் இருப்பதே நல்லது.

படித்துக் காட்டுங்கள்

சாட்சி சொன்னதை எழுதி முடித்ததும், நீதிபதி முன்னிலையில் சாட்சி இருக்கும்போதே படித்துக் காட்ட வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் முன்பு இருந்தது. பிறகே நீதிபதி தேவையானதைத் திருத்திக் கையெழுத்திட வேண்டியிருந்தது. நமக்கும் அதுதான் வழி. பிரிண்ட் எடுத்து, விவரம் தெரிந்த இன்னொருவரை உரக்கப் படிக்கச் சொல்லி, நீங்கள் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். எண்களையும் பெயர்களையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கவும். பிறகு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடவும். மென்பொருள் செய்த பிழை என்றாலும், கீழே இருப்பது உங்கள் கையெழுத்து.