பல ஆன்டெனாக் கருவிகளின் சோதனையில் தட ஒட்டுறவு

முன்னுரை

ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல தரவோடைகளை அனுப்புவது மைமோ எனப்படும் பல ஆன்டெனா முறையின் நோக்கமாகும். ஆன்டெனாக்கள் காணும் தடங்கள் வெவ்வேறு வகையில் ஏற்ற இறக்கம் அடைந்தாலே இது கைகூடும். அவை ஒருசேர ஏறி இறங்கினால் இரண்டாம் ஆன்டெனாவால் பயன் குறையும். இவ்வொற்றுமையின் அளவே ஒட்டுறவுக் கெழு. தொடர்பின்மைக்கு அதன் மதிப்பு 0. முழு ஒற்றுமைக்கு 1.

இழப்பின் அளவு

இரு முனைகளிலும் இரண்டிரண்டு ஆன்டெனாக்கள் உள்ள அமைப்பில், சமிக்ஞை இரைச்சலைவிட மிக வலிதாக இருக்கும் நிலையைக் கொள்வோம். ஒரு முனையின் கெழு 0.3 எனில், கொள்ளளவு இழப்பு நொடிக்கு, ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 0.14 பிட் மட்டுமே. கெழு 0.9 எனில் இழப்பு 2.4 பிட். இதனை ஈடுசெய்ய அனுப்பும் திறனை இரு மடங்குக்கும் மேல் உயர்த்த வேண்டும்.

இடைவெளியின் பங்கு

அலைகள் சுற்றியுள்ள எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக வருவதாகக் கிளார்க் 1968இல் அமைத்த மாதிரியின்படி, ஆன்டெனாக்களிடையே 0.38 அலைநீள இடைவெளி இருக்கும்போது ஒட்டுறவு முதன்முதலில் சுழியாகிறது. 2.6 கிகாஹெர்ட்ஸில் இது சுமார் 4.4 செ.மீ.; 700 மெகாஹெர்ட்ஸில் சுமார் 16 செ.மீ. பின்னது கைப்பேசியின் நீளத்தையே எட்டுவதால், தாழ் அலைவரிசைகளில் இடைவெளியை மட்டும் நம்புதல் இயலாது. கதிர்வீச்சு வடிவத்தையும் முனைவாக்கத்தையும் வேறுபடுத்தியே ஒட்டுறவைக் குறைக்க வேண்டியுள்ளது.

சோதனை முறைகள்

எல்டிஇ கருவிகளுக்கான 3ஜிபிபி 36.101 விவரக்குறிப்பு மூன்று நிலைகளை வகுக்கிறது. தாழ்நிலையில் இரு முனைகளிலும் கெழு 0. இடைநிலையில் நிலையத்தில் 0.3, கருவியில் 0.9, உயர்நிலையில் இரண்டிலும் 0.9. கம்பிவழிச் சோதனையில் தடப் போலியாக்கி இம்மதிப்புகளை உருவாக்கி, சமிக்ஞையை நேரே ஏற்பிக்குள் செலுத்துகிறது. கருவியின் சொந்த ஆன்டெனாக்கள் அங்கு இடம்பெறுவதில்லை. ஆதலால் அம்முடிவு ஏற்பியின் திறனையே கூறும். முழுக் கருவியின் திறனை அன்று.

எதிரொலியற்ற அறையில் பல உமிழிகளைச் சுற்றி நிறுத்தியோ, அலைகள் பன்முறை எதிரொளிக்கும் உலோக அறையிலோ செய்யப்படும் வான்வழிச் சோதனையில் கருவிமுனையின் ஒட்டுறவு உள்ளிடப்படுவதில்லை. அது ஆன்டெனாவின் வடிவமும் சூழலின் அலைப்புலமும் சந்திப்பதால் விளைகிறது.

முடிவுரை

ஒட்டுறவு ஆன்டெனாவுக்கு மட்டும் உரிய பண்பன்று. சூழலுக்கு மட்டும் உரியதுமன்று. ஒரே கைப்பேசி நிமிர்ந்த நிலையிலும் கிடந்த நிலையிலும் வெவ்வேறு மதிப்புகளைத் தரக்கூடும். பற்றும் கையும் அதனை மாற்றும். எனவே தட மாதிரி, கருவியின் நிலை, சோதனை முறை ஆகிய மூன்றையும் குறிப்பிடாத தரவு வேக முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுதல் பொருந்தாது.