உங்களுக்குத் தெரியுமா? உறைபனியிலும் கீரை பறிக்கலாம்!

லடாக்கின் லே நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் குளிர் மைனஸ் 20 டிகிரி வரைகூடப் போகும். அந்த மாதத்திலும் அங்குள்ள பசுமைக்குடில்களில் பாலக்கீரையும் கொத்தமல்லியும் பறிக்கிறார்கள். ஹீட்டர் கிடையாது, விறகும் எரிப்பதில்லை.

சூட்சுமம் சுவரில்தான். குடிலின் நீளமான பக்கம் தெற்கே பார்த்திருக்கும். அதில் மட்டும் பாலித்தீன் விரிப்பு. மற்ற மூன்று பக்கமும் பச்சை மண்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் வைக்கோலைத் திணித்துவிடுவார்கள். குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால் வெயில் நேராகப் பின்சுவர் வரை விழும். கறுப்பு பூசிய மண்சுவர் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்து, இரவில் மெல்ல விடும். பொழுது சாய்ந்ததும் பாலித்தீனுக்குத் திரை போட்டுவிட வேண்டும். பகலில் பிரச்சினையே வேறு: உள்ளே புழுக்கம் ஏறிவிடும் என்பதால் கதவையும் கூரைத் திறப்பையும் திறந்து வைக்கிறார்கள்!

குளிர் தாக்கும்போது கீரை தன் செல்களில் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்ளும். அது உறையாமல் காக்கும்; ருசியையும் கூட்டும். பனிக்காலக் கீரை இனிப்பது அதனால்தான். தக்காளி, கத்தரிக்கு இந்த வித்தை தெரியாது. அவற்றைக் குளிர் தணிந்த பிறகுதான் நட முடியும்.