பில் தாமதமா? மேசைக்கடியில் இருக்கும் பெட்டியைப் பாருங்கள்

காலையில் கடை திறந்ததும் கணனியில் பில் சட்டென்று வரும். பதினொரு மணிக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டால் திரை அப்படியே நிற்கும். வாடிக்கையாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். இந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு.

சில வருடங்களுக்கு முன் எனது கடையிலும் இதுதான் நடந்தது. பார்க்க வந்தவர், "கணனிகள் பழசு, நான்கையும் மாற்றுங்கள்" என்றார். இரண்டை மாற்றினேன். ஒரு பலனும் இல்லை. பிறகு விஷயம் தெரிந்த தம்பி ஒருவர் வந்து, மேசைக்கடியில் தூசி படிந்து கிடந்த சிறு பெட்டியை எடுத்துக் காட்டினார். "நானா, இது பத்து மெகாபிட் ஹப். எல்லாவற்றையும் இழுத்துப் பிடிப்பது இதுதான்" என்றார். அதைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்விச்சைப் பூட்டினார். அன்றே சிக்கல் தீர்ந்தது. அதற்கான செலவு ஒரு கணனியின் விலையில் சிறு பங்குதான்.

ஹப்பும் ஸ்விச்சும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். வேலைதான் வேறு.

ஹப் என்பது ஒடுங்கிய சந்து. ஒரு நாட்டாமை வண்டி உள்ளே போனால் மற்ற வண்டிகள் நிற்க வேண்டும். இரண்டு ஒரே நேரத்தில் நுழைந்தால் மோதும். இரண்டும் பின்வாங்கி, சற்றுப் பொறுத்து மீண்டும் வர வேண்டும். அத்துடன், யாருக்கு வந்த சரக்கு என்று ஹப்புக்குத் தெரியாது. ஒரு போர்ட்டில் வந்ததை மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பிவிடும். பத்து மெகாபிட் என்றால் அது எல்லோருக்கும் சேர்த்துப் பத்து. நான்கு பேர் ஒன்றாக வேலை செய்தால் ஆளுக்கு இரண்டரை. மோதல்களால் அதிலும் குறையும்.

ஸ்விச் அப்படியல்ல. ஒவ்வொரு கணனியின் நெட்வேர்க் காட்டுக்கும் தயாரிக்கும்போதே ஒரு தனி முகவரி கொடுக்கப்படுகிறது. எந்த முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை ஸ்விச் தானாகவே படித்து வைத்துக்கொண்டு, உரியவருக்கு மட்டும் அனுப்பும். முதலாம் போர்ட் இரண்டாம் போர்ட்டுடன் பேசும்போது, மூன்றும் நான்கும் தடையின்றித் தமக்குள் பேசலாம். நூறு மெகாபிட் ஸ்விச் என்றால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் போக நூறு, வர நூறு. கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் 1990இல் இத்தகைய ஈதர்நெட் ஸ்விச்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1994இல் சிஸ்கோ நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.

ஆனால் ஸ்விச் வாங்கினால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நான்கு விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, கணக்குகள் இருக்கும் பிரதான கணனி. எல்லோரும் அதிலிருந்தே எடுப்பதால் அந்த ஒரு போர்ட்டில்தான் நெரிசல். நான்கு பேர் சேர்ந்து கேட்டால் அதன் நூறு, ஆளுக்கு இருபத்தைந்தாகும். ஆகவே ஆயிரம் மெகாபிட், அதாவது கிகாபிட் ஸ்விச் எடுப்பது நல்லது.

இரண்டாவது, இரண்டு ஸ்விச்களை இணைக்கும் கேபிள். மேல்மாடிக் களஞ்சியத்தில் உள்ள எல்லோரும் அந்த ஒரு கேபிளைத்தான் பங்கிடுகிறார்கள். நான்கு மெகாபிட் வீதம் எட்டுக் கெமராக்கள் ஓடினால் 32 மெகாபிட் அங்கேயே போய்விடும். கெமராக்களையும் அவற்றின் பதிவுப் பெட்டியையும் ஒரே ஸ்விச்சில் பூட்டினால் அந்தப் பாரம் கேபிளில் ஏறாது.

மூன்றாவது, கேபிள் வேலை. நூறு மெகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் எட்டு வயர்களில் நான்கு போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் வேகம் பெரும்பாலும் நூறுக்கு இறங்கிவிடும். ஒரே இழுவையில் 100 மீற்றருக்கு மேல் போகவும் கூடாது.

நான்காவது, இன்டர்நெட். உங்கள் இணைப்பு இருபது மெகாபிட் என்றால், எந்த ஸ்விச்சைப் பூட்டினாலும் அது இருபதுதான். ஸ்விச் சீராக்குவது கடைக்குள் நடக்கும் போக்குவரத்தை மட்டுமே.

இன்று புதிதாக வாங்கப் போனால் கிடைப்பது ஸ்விச்தான். ஹப் என்பது பழைய சாமான்களோடுதான் வரும், அல்லது பல வருடங்களாக நம் கடையிலேயே கிடக்கும். அடுத்த முறை யாராவது கணனியை மாற்றச் சொன்னால், காசை எண்ணுவதற்கு முன் குனிந்து மேசைக்கடியில் ஒருமுறை பாருங்கள். நான் அப்படிப் பார்த்திருந்தால் இரண்டு கணனிகளின் விலை என் கையில் மிஞ்சியிருக்கும்.